இருகால் துள்ளலும் பாலைநில விளக்கமும்: கொறித்துண்ணிகளின் நடையும் உடலமைப்பும் பற்றிய ஒரு கருத்து வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பின்னங்கால்கள் நீண்டு, முன்னங்கால்கள் குறுகி, இரு கால்களால் மட்டுமே துள்ளிச் செல்லும் உடலமைப்பு கொறித்துண்ணிகளில் குறைந்தது நான்கு வழிமரபுகளில் தனித்தனியே தோன்றியுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இயற்கையறிஞர்கள் இவ்வொப்புமையை உறவின் அடையாளமாகக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டினர் அதனை ஒதுக்கித் தாடையை நாடினர். இருபதாம் நூற்றாண்டினர் அதனைப் பாலைநிலத்தின் விளைவாக விளக்கினர். இந்நிலைப்பாடுகள் உருவான முறையையும், பாலைநில விளக்கம் 1950களுக்குப் பின் படிப்படியாகத் தளர்ந்த வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொறித்துண்ணிகள், இருகால் துள்ளல், ஜெர்போவா, கங்காரு எலி, குவிபரிணாமம், வகைப்பாட்டு வரலாறு.

முன்னுரை

இன்று வாழும் பாலூட்டிச் சிற்றினங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது கொறித்துண்ணிகள். மரமேறுவன, காற்றில் மிதந்திறங்குவன, மண்ணைக் குடைவன, நீந்துவன, ஓடுவன என இவ்வரிசையில் காணப்படும் நடைவகைகள் பல. நடை மாறும்போது உடலும் மாறுகிறது என்பது எவருக்கும் புலப்படும் செய்தி. அம்மாற்றத்தை எதற்குச் சான்றாகக் கொள்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. நீண்ட பின்னங்கால் ஒரு விலங்கின் முன்னோரைச் சொல்கிறதா, அது வாழும் நிலத்தைச் சொல்கிறதா, அல்லது அது நகரும் முறையை மட்டுமே சொல்கிறதா?

இவ்வினாவுக்கு இருகால் துள்ளலைப் போலத் தெளிவான களம் வேறில்லை. வடஆப்பிரிக்கா முதல் மங்கோலியா வரை பரவிய ஜெர்போவா, வடஅமெரிக்காவின் கங்காரு எலி, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் வாழும் துள்ளுமுயல், ஆஸ்திரேலியாவின் துள்ளெலி ஆகிய நான்கும் இவ்வகையின. துள்ளுமுயல் பெயரளவிலேயே முயல். உண்மையில் அது மூன்று கிலோ எடையுள்ள கொறித்துண்ணி. இந்நான்கின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இவை ஒரே குடும்பத்தின என்றே எண்ணுவர். அப்படித்தான் நெடுங்காலம் எண்ணவும்பட்டது.

பெயரில் ஒடுங்கிய நடை

இரு கால்களால் செல்லும் எலியைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஹெரோடோட்டஸின் வரலாற்று நூலில் உள்ளது. அதன் நான்காம் பகுதியில், லிபிய நாட்டு விலங்குகளைப் பட்டியலிடுமிடத்தில், மூவகை எலிகளைக் குறிப்பிடும் அவர், அவற்றுள் ஒன்றை ‘இருகாலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் சுட்டுகிறார். அது ஜெர்போவாவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. விலங்கின் நிறமோ பல்லோ இரையோ அன்றி, அதன் நடையே பெயராயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் முறைசார்ந்த வகைப்பாடு தொடங்கியபோதும் இவ்வழக்கமே நீடித்தது. லின்னேயஸ் 1758இல் ஆப்பிரிக்க ஜெர்போவாவை எலிப் பேரினத்துள் வைத்து, எறியப்படும் ஈட்டியைக் குறிக்கும் ‘ஜாக்குலஸ்’ என்ற சிற்றினப் பெயரைத் தந்தார். பல்லாஸ் 1773இல் ஆசிய ஜெர்போவா ஒன்றுக்கு ‘அம்பு’ எனப் பொருள்படும் ‘சஜிட்டா’ என்ற பெயரைச் சூட்டினார். 1780இல் சிம்மர்மன் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் அமைத்தபோது ஹெரோடோட்டஸின் சொல்லே ‘டைப்பஸ்’ என்ற இலத்தீன் வடிவில் திரும்பி வந்தது.

அதன்பின் அப்பெயர் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. சிம்மர்மனே வடஅமெரிக்காவின் தாவும் சுண்டெலியையும் 1780இல் ‘டைப்பஸ்’ என்றார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, நன்னம்பிக்கை முனைப் பகுதியின் துள்ளுமுயலுக்கு யோகான் ரைன்ஹோல்ட் ஃபோர்ஸ்டர் ‘யெர்புவா’ எனப் பெயரிட்டிருந்தார். அது ஜெர்போவா என்ற அரபுச் சொல்லின் மற்றொரு வடிவமே. 1838இல் ஓகில்பி ஆஸ்திரேலியாவின் துள்ளெலியை, நிலஅளவையாளர் மிட்செலின் பெயரோடு இணைத்து, ‘டைப்பஸ்’ பேரினத்திலேயே சேர்த்தார். 1841இல் கிரே மெக்சிகோவிலிருந்து வந்த விலங்குக்கு ‘டைப்போடோமிஸ்’ எனப் பெயர் வைத்தார். கங்காரு எலிகளின் பேரினப் பெயராக இன்றும் நிலைத்திருப்பது அதுவே.

இவ்வரிசையில் இந்தியாவுக்கும் ஓர் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படை அதிகாரியான தாமஸ் ஹார்ட்விக், காசிக்கும் அரித்துவாரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் கண்ட ஒரு விலங்கை ஜெர்போவாவின் ஒரு வகையாக விவரித்து, 1807இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் ‘டைப்பஸ் இண்டிக்கஸ்’ எனப் பெயரிட்டார். அது வேறொன்றுமில்லை, தமிழகத்து உழவியல் நூல்கள் வெள்ளெலி எனக் குறிப்பிடும் வயல் விலங்குதான். அதன் பின்பாதம் நீண்டது, வால் நுனியில் மயிர்க்கற்றை உண்டு, கலவரப்பட்டால் நெடுந்தொலைவு பாயும். ஆனால் அதன் இயல்பான நடை நான்கு கால்களாலேயே. சென்னைப் படைப்பிரிவின் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1867இல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் நூலிலும் அது ‘இந்திய ஜெர்போவா எலி’ என்றே வழங்கப்பட்டது. அப்போது அறிஞருலகு அதனை வேறொரு பேரினத்துக்கு மாற்றிவிட்டிருந்தது; எனினும் வழக்குப் பெயரில் பழைய உறவு ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்பெயரீடுகளைப் பிழைகள் என்று கூறிக் கடந்துவிடுவது எளிது; அது நியாயமாகாது. உடலின் ஒட்டுமொத்த வடிவமே உறவின் முதன்மைச் சான்று என்பது அக்காலத்தின் பொது நெறி. அந்நெறிப்படி ஹார்ட்விக்கும் ஓகில்பியும் சரியாகவே செயல்பட்டனர். அமெரிக்கத் தாவும் சுண்டெலியைப் பொறுத்தவரை சிம்மர்மனின் முடிவும் ஏறக்குறைய உண்மையாயிற்று. அது ஜெர்போவாவின் நெருங்கிய உறவே. ஒரே நெறி ஓரிடத்தில் சரியான விடையையும் மூன்றிடங்களில் தவறான விடையையும் தந்தது. எது சரி, எது தவறு என்பதை அந்நெறிக்குள் நின்று அறிய வழியில்லை.

தாடையை நோக்கித் திரும்புதல்

1855இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய பிராண்ட், கொறித்துண்ணிகளைத் தாடைத் தசையும் கண்ணுக்கு முன்னுள்ள எலும்புத் துளையும் அமைந்த முறையைக் கொண்டு பிரித்தார். அணில்வகை, எலிவகை, முள்ளம்பன்றிவகை என்ற முப்பிரிவு அவ்வாறு நிலைபெற்றது. கால் சூழலுக்கேற்ப எளிதில் வளைந்துகொடுப்பது, தாடை அவ்வாறு மாறாதது என்னும் நம்பிக்கை இதன் அடியில் இருந்தது. 1870இல் ரே லாங்கெஸ்டர், பொது முன்னோரிடமிருந்து வந்த ஒப்புமையையும் தனித்தனியே தோன்றிய ஒப்புமையையும் வேறுபடுத்தத் தனிக் கலைச்சொற்களை வகுத்தபோது, துள்ளும் கொறித்துண்ணிகள் இரண்டாம் வகையின் எடுத்துக்காட்டாக நிற்பதற்கான கருத்தடித்தளம் ஆயத்தமாகிவிட்டது.

ஆயினும் தாடையும் அத்துணை நம்பத்தக்கதாக இல்லை. ஜெர்போவாவிலும் துள்ளுமுயலிலும் கண்முன் துளை அகன்று, அதன் வழியே தாடைத் தசையின் ஒரு பகுதி நுழைந்து செல்கிறது. கங்காரு எலியில் அமைப்பு அணிலை ஒத்தது. ஆஸ்திரேலியத் துள்ளெலி சாதாரண எலியின் அமைப்பை உடையது. காலைத் தள்ளிவிட்டுத் தாடையை நாடியவர்களுக்கு, ஜெர்போவாவும் துள்ளுமுயலும் தாடையிலும் ஒத்திருந்தமை இரட்டைச் சான்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்கத் தொல்லுயிரியலர் ஆல்பர்ட் வுட் 1955இல் வெளியிட்ட திருத்திய வகைப்பாட்டிலும் அதற்குப் பிந்தைய கட்டுரைகளிலும், கொறித்துண்ணிகளில் ஒரே அமைப்பு பலமுறை இணையாகத் தோன்றுவது விதிவிலக்காக அன்றி வழக்கமாகவே உள்ளது என்று வாதிட்டார். தாடைக்கும் அது பொருந்தும் என்பதே அவ்வாதத்தின் கூர்மை.

இச்சிக்கல் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் முறை வந்த பின்னரே அவிழ்ந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலப்பகுதியிலிருந்து வெளிவந்த மூலக்கூற்று ஆய்வுகள் துள்ளுமுயலின் மிக நெருங்கிய உறவாகக் காட்டுவது ஆப்பிரிக்கக் காடுகளில் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் செதில்வால் விலங்குகளை. கங்காரு எலிக்கு நெருக்கமானவை மண்ணைக் குடைந்து வாழும் பைக்கன்ன வளையெலிகள். சற்றுத் தள்ளி, நீர்நாயளவு பெரிதான பீவர். ஆஸ்திரேலியத் துள்ளெலி வீட்டெலியின் குடும்பத்தது. அருகருகே நிற்கும் உறவுகளுள் ஒன்று துள்ளுகிறது, ஒன்று பறக்காமல் மிதக்கிறது, ஒன்று தோண்டுகிறது, ஒன்று நீந்துகிறது. நடையைக் கொண்டு உறவைக் கணிப்பது எத்துணை இடர்மிக்கது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

பாலைநில விளக்கம் உருவாதல்

உறவால் விளக்க இயலாத ஒப்புமையைச் சூழலால் விளக்குவது இயல்பான அடுத்த படி. இதற்கான உடற்கூற்று அடிப்படையை இரு நூல்கள் 1932ஆம் ஆண்டில் அமைத்துத் தந்தன. ஹவல் கங்காரு எலியின் எலும்புகளையும் தசைகளையும் ஒவ்வொன்றாக விவரித்து, ஏனைய கொறித்துண்ணிகளோடு ஒப்பிட்டார். ஹாட் துள்ளும் கொறித்துண்ணிகளின் முதுகெலும்புத் தொடரை மட்டும் எடுத்து, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் ஆராய்ந்தார். கழுத்து முள்ளெலும்புகள் குறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஜெர்போவாவிலும் கங்காரு எலியிலும் காணப்படும் பொதுப் பண்பு. துள்ளலின் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் பெரிய தலை முன்னும் பின்னும் ஆடாமல் காக்க அது உதவும் என்பது பரவலான விளக்கம்.

இவ்வாய்வுகளின் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் இவற்றைப் படித்தோர் அதிகம் நினைவில் கொண்டது ஒற்றுமைகளை. வேற்றுமைகளும் அவற்றுக்கு நிகராகவே இருந்தன. பெரும்பாலான ஜெர்போவாக்களில் நடுப்பாதத்தின் மூன்று நீள எலும்புகள் ஒரே தண்டாக ஒட்டியுள்ளன. பறவையின் காலை நினைவூட்டும் அமைப்பு அது. கங்காரு எலியில் அவை தனித்தனியே உள்ளன. துள்ளுமுயலின் பின்பாதத்தில் நான்கு விரல்கள். ஆஸ்திரேலியத் துள்ளெலியில் ஐந்தும் உள்ளன. ஒரே நடைக்கு நான்கு வகைப் பாதங்கள் உள்ளன என்றால், நடை உடலை ஒரே அச்சில் வார்ப்பதில்லை என்றுதானே பொருள்?

பாலைநில விளக்கத்துக்கு வலுச்சேர்த்த மற்றொரு தரப்பு உடலியங்கியலாளர்கள். கனுட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும் 1940களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகள், கங்காரு எலி நீர் அருந்தாமலேயே, உலர்ந்த விதைகளைச் செரிக்கும்போது உண்டாகும் நீரைக் கொண்டு வாழ வல்லது என்பதை நிறுவின. கங்காரு எலி பாலைவாழ்வின் அடையாளச் சின்னமாயிற்று. அதன் சிறுநீரகம் பாலைக்கு ஏற்றதென்றால் அதன் கால்களும் அவ்வாறே இருக்கவேண்டும் என்ற எண்ணம் பாடநூல்களில் ஆய்வின்றியே குடிபுகுந்தது என்பது என் கருத்து. சிறுநீரகத்துக்குச் செய்முறைச் சான்று இருந்தது. காலுக்கு ஒப்புமை மட்டுமே இருந்தது. ஒரே உடலில் இருப்பதாலேயே இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

விளக்கத்தின் வாதம் இவ்வாறு அமைந்தது: பாலையில் உணவு சிதறிக் கிடக்கிறது, நெடுந்தொலைவு செல்ல வேண்டும், துள்ளல் விரைவானது, ஆற்றலைச் சேமிப்பது, ஆகவே வறட்சி பெருகப் பெருகப் பின்னங்கால் நீண்டது. ஒவ்வொரு கண்ணியும் இயல்பாகத் தோன்றுகிறது. பின்னர் வந்த ஐம்பது ஆண்டுகளில் கண்ணிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன.

துள்ளல் எதற்கு?

முதல் ஐயத்தை எழுப்பியவர்கள் பார்தோலோமியூவும் காஸ்வெல்லும். 1951இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, கங்காரு எலியின் துள்ளலில் சிறப்பானது நேர்கோட்டு விரைவு அன்று, திடீரென்று திசைமாறும் ஆற்றலே என்று காட்டியது. இரை தேடும்போது கங்காரு எலி முன்னங்கால்களையும் பயன்படுத்தி மெதுவாக ஊர்கிறது. அச்சமுற்றால்தான் இருகால் பாய்ச்சல். நெடும்பயணத்துக்காக உருவான நடை என்னும் கருத்துக்கு இது பொருந்தவில்லை.

ஆற்றல் சேமிப்பு பற்றிய வாதத்தின் வரலாறு இன்னும் சுவையானது. 1973இல் டாசனும் டெய்லரும் செங்கங்காருவை ஓடுபட்டையில் ஓடவிட்டு, அது உட்கொள்ளும் உயிர்வளியை அளந்தனர். துள்ளத் தொடங்கிய பின், வேகம் கூடியும் உயிர்வளித் தேவை கூடவில்லை. தசைநாண்கள் வில்போல நீண்டு சுருங்கி ஆற்றலை மீட்டுத் தருவதே காரணம் எனக் கொள்ளப்பட்டது. கங்காருவுக்கு உண்மையானது கங்காரு எலிக்கும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என எதிர்பார்ப்பது இயற்கை. பெயரே அவ்வாறு தூண்டுகிறது. ஆனால் 1976இல் டாசனே ஆஸ்திரேலியத் துள்ளெலிகளை அளந்தபோது அத்தகைய சேமிப்பு காணப்படவில்லை. 1981இல் பீவெனர், அலெக்சாண்டர், ஹெக்லண்ட் ஆகியோர் கங்காரு எலியின் தசைநாண்களில் சேமிக்கப்பட்டு மீளும் ஆற்றல் சிறு பங்கே என்று கண்டனர்.

காரணம் அளவில் உள்ளது. பல பத்துக் கிலோ எடையுள்ள கங்காருவின் தசைநாண், அதன்மேல் விழும் விசையோடு ஒப்பிட மெல்லியது. ஆகவே நன்றாக நீள்கிறது, ஆற்றலைத் தேக்குகிறது. ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள கங்காரு எலியின் தசைநாணோ அதன் உடலுக்கு மிகத் தடித்தது, சிறிதே நீள்கிறது. ஆற்றல் சேமிப்பே நோக்கமென்றால் இவ்வமைப்பு வீண். 1988இல் பீவெனரும் பிளிக்ஹானும் இதற்கு விடை கண்டனர். சீரான துள்ளலில் தசைநாண் தாங்குவது அதன் வலிமையின் ஒரு பகுதியை மட்டுமே. நின்ற இடத்திலிருந்து திடீரென உயரப் பாயும்போதுதான் அதன் முழு வலிமையும் தேவைப்படுகிறது. அதாவது தசைநாணின் பருமனை நிறுவியது அன்றாடப் பயணமன்று, எப்போதோ ஒரு நொடியில் நிகழும் தப்பித்தல். நாள்தோறும் செய்யும் செயலே உறுப்பை வடிவமைக்கும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். வாழ்நாளில் சிலமுறை மட்டும் நிகழ்ந்து, உயிரா சாவா என்பதைத் தீர்மானிக்கும் செயலுக்கு அதனினும் கூடிய வலிமை இருக்கலாம்.

செவியின் சான்றும் இதே திசையில் நிற்கிறது. கங்காரு எலியின் செவிக்குமிழ் எலும்பு மண்டையோட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் அளவு பருத்தது. டக்ளஸ் வெப்ஸ்டர் 1962இல் வெளியிட்ட ஆய்வில், ஆந்தையின் சிறகும் பாம்பின் தாக்குதலும் எழுப்பும் தாழ்ந்த ஒலிகளைக் கேட்க அது உதவுகிறது என்றும், அதன் செயலைக் குறைத்தால் விலங்கு எளிதில் பிடிபடுகிறது என்றும் காட்டினார். கேட்டவுடன் பாய வேண்டும். பாய்வதற்குக் கால் வேண்டும். அண்மையில் அமெரிக்கப் பாலைகளில் விரைவுப் படக்கருவிகளால் பதிவுசெய்யப்பட்ட காட்சிகளில், பாம்பு தாக்கத் தொடங்கியதும் கங்காரு எலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மேலெழும்பி விடுவதும், சில வேளை காற்றிலேயே பாம்பை உதைத்துத் தள்ளுவதும் பதிவாகியுள்ளன. 2017இல் டாலியா மூரும் உடனாய்வாளரும் ஜெர்போவாக்களின் ஓட்டத்தடங்களை அதே நிலத்தில் வாழும் நாற்கால் கொறித்துண்ணிகளின் தடங்களோடு ஒப்பிட்டு, ஜெர்போவாவின் அடுத்த பாய்ச்சல் எங்கே அமையும் என்று முன்கூட்டிக் கணிப்பது மிகக் கடினம் என்பதை அளவைகளோடு நிறுவினர்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். வறண்ட நிலமும் மறைவிடமற்ற நிலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஆயினும் அவை ஒன்றல்ல. 1970களிலும் 1980களிலும் பிரைஸ், கோட்லர் முதலிய சூழலியலாளர் அமெரிக்கப் பாலைகளில் செய்த ஆய்வுகளில், நாற்காலால் ஓடும் பைக்கன்னச் சுண்டெலிகள் புதர்களின் அடியிலும், இருகாலிகள் புதர்களுக்கு இடைப்பட்ட வெட்டவெளியிலும் இரை தேடுவது வெளிப்பட்டது. இரண்டும் ஒரே வறட்சியில் வாழ்கின்றன. அவற்றைப் பிரிப்பது நீரின்மையன்று; தலைக்கு மேல் நிழல் உள்ளதா என்பதே.

மாறிய காலவரிசை

இதுவரை சொன்னவை துள்ளல் இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டுவன. அது எங்கே, எப்போது தோன்றியது என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே பாலைநில விளக்கத்தின் அடிப்படைக் குறை.

2014இல் ஷாவ்யுவான் வூவும் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை இக்குழப்பத்தை நேரடியாக எதிர்கொண்டது. ஜெர்போவாக்கள், தாவும் சுண்டெலிகள், பிர்ச் சுண்டெலிகள் ஆகியவற்றின் மரபணு உறவுமரத்தையும் புதைபடிவங்களையும் பழங்காலக் காலநிலைச் சான்றுகளையும் இணைத்து, பின்னங்காலின் நீளமும் கடைவாய்ப் பல்லின் உயரமும் காலப்போக்கில் எவ்வாறு மாறின என்று அவர்கள் கணித்தனர். மயோசீனின் பிற்பகுதியில் நடு ஆசியா வறளத் தொடங்கியபின் பற்கள் உயர்ந்தன. கடினமான, மண்தூசு கலந்த உணவுக்கு அது பொருந்துகிறது. கால்களோ நீளவில்லை. அவை முன்னரே நீண்டிருந்தன. ஈரமும் மரமும் மிகுந்த சூழலிலேயே ஜெர்போவாவின் இருகால் நடை தோன்றியது என்பது அவர்களது முடிவு.

ஒரே விலங்கின் வாயும் காலும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் மாறின என்பதே இதன் பொருள். பாலை வந்தபோது ஜெர்போவா அதற்கு ஏற்ற காலோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. இன்றும் அதன் நெருங்கிய உறவான தாவும் சுண்டெலி ஈரப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வாழ்கிறது. பிர்ச் சுண்டெலி நான்கு கால்களால் நடந்து, வாலால் தண்டுகளைப் பற்றி ஏறுகிறது. இவ்விரு உறவுகளும் முன்பிருந்தே அறியப்பட்டவை. பாலைநில விளக்கம் கோலோச்சிய காலத்தில் அவை ஏன் எடைபோடப்படவில்லை என்பது வியப்புக்குரியது. ஜெர்போவாவையும் கங்காரு எலியையும் ஒப்பிடுவதில் இருந்த கவர்ச்சி, ஜெர்போவாவை அதன் சொந்த உறவினரோடு ஒப்பிடுவதில் இல்லாமற்போயிற்று போலும்.

வூவின் முடிவு புள்ளியியல் மீட்டமைப்பைச் சார்ந்தது; புதிய புதைபடிவம் ஒன்று அதன் எடையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். மேலும் ஜெர்போவாவுக்குப் பொருந்துவது ஏனைய மூன்றுக்கும் பொருந்த வேண்டியதில்லை. தனித்தனியே தோன்றிய நான்கு நிகழ்வுகளுக்கு ஒரே காரணத்தைத் தேடும் பழக்கத்தையே இங்குக் கைவிட வேண்டியுள்ளது.

துள்ளும் உடல் ஒரே தொகுப்பாக வந்து சேர்ந்ததும் இல்லை. 2015இல் மூர், கூப்பர் முதலியோர் ஜெர்போவாக்களின் கால் எலும்புகளை உறவுமரத்தின் மீது பொருத்திப் பார்த்து, கால் நீளுதல், விரல் குறைதல், பாதவெலும்புகள் ஒட்டுதல் ஆகியன வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு கட்டங்களில் நிகழ்ந்தவை என்று காட்டினர். குள்ள ஜெர்போவாக்கள் இருகாலால் துள்ளுகின்றன. அவற்றின் பாதவெலும்புகள் ஒட்டவில்லை. நடை முன்னே வர, எலும்பின் சில மாற்றங்கள் பின்னே வந்தன. 2014இல் கூப்பரும் உடனாய்வாளரும் மூவிரல் ஜெர்போவாவின் கருவை ஆராய்ந்தபோது, ஓர விரல்களுக்கான தொடக்க அமைப்பு கருவில் உருவாகி, பின்னர் அவ்விடத்துச் செல்கள் மடிவதால் அவ்விரல்கள் வளராமல் போவது தெரியவந்தது. ஐவிரல் முன்னோரின் திட்டம் அழிக்கப்படவில்லை. அது தொடங்கி, இடையில் நிறுத்தப்படுகிறது.

எலும்பிலிருந்து நிலத்தைப் படித்தல்

இவ்வரலாறு தொல்லுயிரியலுக்கு நேரடியான விளைவு உடையது. அழிந்துபோன விலங்கின் கால் எலும்புகளை அளந்து அதன் நடையைக் கணிப்பது இன்று வளர்ந்த துறை. சாமுவல்ஸும் வான் வால்கன்பர்கும் 2008இல் வாழும் கொறித்துண்ணிகளின் எலும்பு அளவுகளைத் தொகுத்து, அவற்றைக் கொண்டு அழிந்த இனங்களின் நடையை அறியும் வழியை வகுத்தனர். எலும்பிலிருந்து நடைக்குச் செல்லும் இப்படி உறுதியானது. விசை, நெம்பு, நீளம் ஆகியவற்றின் இயற்பியல் எல்லாக் காலத்துக்கும் பொது. நடையிலிருந்து நிலத்துக்குச் செல்லும் அடுத்த படிக்கு அத்தகைய உறுதி இல்லை. நீண்ட பின்னங்கால் எலும்பு ஒன்று கிடைத்தவுடன் அங்கே பாலை இருந்தது என எழுதுவது, ஹார்ட்விக் வெள்ளெலியை ஜெர்போவா என்று எழுதியதோடு ஒப்பிடத்தக்கது. அவர் வடிவத்திலிருந்து உறவுக்குத் தாவினார். நாம் வடிவத்திலிருந்து சூழலுக்குத் தாவுகிறோம்.

இரு புதைபடிவங்கள் இங்குக் குறிப்பிடத்தக்கன. 1957இல் மாக்கின்னஸ் கிழக்கு ஆப்பிரிக்க மயோசீன் படிவுகளிலிருந்து விவரித்த மெகாபெடெடிஸ், இன்றைய துள்ளுமுயலின் வழிமரபைச் சேர்ந்தது, உருவில் பெரியது. ஐவிரலி எனப் பொருள்படும் அதன் சிற்றினப் பெயர், இன்றைய துள்ளுமுயல் இழந்துவிட்ட விரல் அதற்கு இருந்ததைச் சுட்டுகிறது. 1975இல் வூரிஸ் நெப்ராஸ்காவிலிருந்து, அதன் வளையோடு சேர்த்து விவரித்த ஈயோடைப்போடோமிஸ், கங்காரு எலிகளின் பழைய உறவு. நெப்ராஸ்காவின் அக்காலப் படிவுகளில் குதிரைகளும் ஒட்டகங்களும் காண்டாமிருகங்களும் பெரிய நிலஆமைகளும் கிடைக்கின்றன. அது மரங்கள் இடையிட்ட பரந்த புல்வெளி, பாலையன்று. இதை நமக்குச் சொல்வது கங்காரு எலியின் கால் எலும்பு அல்ல, அதே மண்ணில் உடன் புதைந்துகிடந்த ஆமையோடும் குதிரைப் பற்களும்தாம்.